தோலில் குத்திய வானம்

வழி கேட்டு வந்தவரை நான் ஒருநாளும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. ஆம்பூர் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தபோது ஓர் ஆந்திரா லாரிக்காரன் பேரணாம்பட்டுக்கு வழி கேட்டான். எனக்கு அந்தப் பக்கம் சுத்தமாகப் பழக்கமில்லை. அதனாலென்ன? கையை நீட்டி, பெட்ரோல் பங்க், மசூதி, வேப்பமரம் என்று மூன்று அடையாளம் சொல்லி அனுப்பிவைத்தேன். இந்த மூன்றும் இல்லாத ரோடு நம் ஜில்லாவில் உண்டா? லாரி கிளம்பிப் போன பிறகு பக்கத்தில் நின்றிருந்தவர் மெதுவாகக் கேட்டார்.

"உனக்கு அந்த வழி தெரியுமா?"

"தெரியாதுக்கா. பாவம், வாய்விட்டுக் கேட்டுட்டானே."

"என்னைக் கேட்டிருந்தா தெரியலன்னு சொல்லியிருப்பேன். அவன் வேற தெரிஞ்ச ஆளாப் பார்த்துக் கேட்டிருப்பான்."

அந்த லாரி எந்த ஊரில் போய் நின்றதோ தெரியாது. ஆனால் நான் சொல்ல வந்தது லாரியைப் பற்றியல்ல, பக்கத்தில் நின்றவரைப் பற்றி. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதை ஒரு முழுப் பதிலாக நினைத்த ஒரே மனுஷியை நான் என் வாழ்க்கையில் பார்த்திருக்கிறேன். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். மற்றவர்களுக்கு மேடம்.

ராணிப்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனி. அதில் அக்கா எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர். நான் விற்பனைப் பிரதிநிதி. அதாவது, அவர் செய்கிற மெஷினைப் பற்றி எதுவும் தெரியாமல் எல்லாவற்றையும் சொல்லி விற்பவன். தொண்ணூறுகளின் கடைசி அது. ஏதாவது கேட்டால் அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் பதில் வந்தால் வரும். வராவிட்டால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு "தெரியல" என்பார். அதில் வெட்கமோ வருத்தமோ இருக்காது. மணி என்ன என்று கேட்டவருக்கு மணி சொல்கிற மாதிரி சொல்வார்.

நாங்கள் விற்ற மெஷின், தோல் பார்க்கும் காமிரா. பதனிட்ட தோலைக் கண்ணாடி மேசைமேல் விரித்துப் போடுவார்கள். கீழே டியூப்லைட், மேலே காமிரா. தோலில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் வெளிச்சம் அதன் வழியே புள்ளியாகக் கசியும். கம்ப்யூட்டர் அந்தப் புள்ளிகளை அளந்து, அவை இருக்கிற வரிசையைப் பார்த்து, இது உண்ணி கடித்தது, இது முள்கம்பி கிழித்தது, இது வெறும் தூசு என்று பிரிக்கும். கடைசியில் திரையில் நல்லது என்றோ கழிவு என்றோ வரும். அக்கா எழுதிய புரோகிராமில் மட்டும் மூன்றாவதாக ஒரு கேள்விக்குறியும் வரும்.

ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றின் முதலாளி பாய் அந்தக் கேள்விக்குறியை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"நல்லது புரியுது, கழிவு புரியுது. நடுவுல இது இன்னாப்பா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொல்லிவிட்டார். "மெஷினுக்குத் தெரியலன்னு அர்த்தம் பாய். அந்தத் தோலை ஆள் வெச்சுப் பார்க்கணும்."

"தெரியலன்னு சொல்றதுக்கு என் மச்சான் இருக்கான்மா. அவனுக்கு மாசாமாசம் சம்பளம் வேற குடுக்கறேன். அதுக்கு மேல ஒரு மெஷினா?"

மச்சான் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவரும் சேர்ந்து சிரித்தார். கேள்விக்குறியை எடுத்துவிட்டால் அன்றைக்கே ஆர்டர் என்றார் பாய். "அரைநாள் வேலை பாய், தூக்கிடலாம்" என்றேன் நான். அக்கா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எடுத்தா, தெரியாத தோலையும் நல்லதுன்னோ கழிவுன்னோ சொல்லும் பாய். அதுல எதைச் சொல்லும்னு எனக்கே தெரியாது."

"சஸ்பென்ஸா இருக்கும் பாய்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. ஆர்டர் போயிற்று. வியாபாரம் வேறு, பசி வேறு என்று பாய் கட்டிக்கொடுத்த பிரியாணிப் பொட்டலம் மட்டும் மடியில் சுட, பஸ்ஸில் திரும்பினோம். "இந்த வாயை வெச்சிக்கிட்டு நீங்க சேல்ஸ் பக்கம் வரவே கூடாதுக்கா" என்றேன். அவர் கோபப்படவில்லை. எலும்பில்லாத துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளினார்.

இப்படிப்பட்டவரைப் பெண் பார்க்கவும் வந்தார்கள். காட்பாடியிலிருந்து, ஒரே சபைக்காரர்கள். ஜெபம் செய்து, கேக் சாப்பிட்டு, எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது பையனின் அம்மா கேட்டிருக்கிறார்: "எங்க பையனைப் புடிச்சிருக்காம்மா?" அக்கா யோசித்துவிட்டு, "தெரியல ஆன்ட்டி. இப்பதானே பார்த்தேன். ரெண்டு மூணு தடவை பேசினா சொல்ல முடியும்" என்றாராம். பையன் அப்போதுதான் முதன்முதலாகத் தலை நிமிர்ந்து அக்காவை ஆர்வமாகப் பார்த்தான் என்று கேள்வி. அதற்குள் அவன் அம்மா, கடித்த கேக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

சிரிக்க முடியாத இடம் ஒன்றும் உண்டு. அக்காவின் அப்பா வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் ஆரஞ்சுப் பழத்தோடு போயிருந்தேன். ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மூச்சு வாங்க, "நான் பொழைச்சுக்குவேனா?" என்று பொதுவாகக் கேட்டார். "கர்த்தர் பார்த்துக்குவார் அங்கிள்" என்றாள் நர்ஸ். "அடுத்த வாரம் நாம ரெண்டு பேரும் கோட்டையைச் சுத்தி வாக்கிங் போறோம்" என்றேன் நான். பெரியவர் எங்கள் இருவரையும் விட்டுவிட்டு மகளைப் பார்த்தார். அன்றைக்குக் கண்ணாடி துடைப்பது வெகுநேரம் நடந்தது.

"தெரியலப்பா."

வராந்தாவில் வைத்து அக்காவின் அம்மா அழுதுகொண்டே கேட்டார். "ஒரு வார்த்தை பொய் சொன்னா வாய் வெந்துடுமாடீ?"

"பொய்னா அவருக்குத் தெரிஞ்சிடும்மா. அப்புறம் நான் இன்னா சொன்னாலும் நம்ப மாட்டார்."

அந்த வாரமே பெரியவர் போய்விட்டார். கடைசி நாட்களில் அவர் வேறு யாரிடமும் எதையும் கேட்கவில்லை என்பதைத்தான் நான் கவனித்தேன். ஜுரம் எவ்வளவு இருக்கிறது என்பதைக்கூட, சார்ட் எழுதுகிற நர்ஸைத் தாண்டி, மகளிடம்தான் கேட்டார். என்னைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்வார்.

பிறகு இத்தாலி மெஷின்கள் வந்தன. அவற்றில் கேள்விக்குறி கிடையாது. எங்கள் கம்பெனியை மூடினார்கள். நான் கல்லூரிகளுக்கு லேப் சாமான் சப்ளை செய்யக் கிளம்பினேன். அக்கா வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில், மலையடிவாரத்தில் புதிதாக முளைத்திருந்த ஒரு சின்ன இன்ஜினியரிங் கல்லூரியில் ஒப்பந்த ஆசிரியையாகச் சேர்ந்தார். அந்தக் கல்லூரியின் தாளாளருக்கு ஒரு நாள் காலையில் சாட்டிலைட் விட வேண்டும் என்று தோன்றிவிட்டது. சும்மா இல்லை, நம் மாவட்டத்தை மேலேயிருந்து படம் எடுத்து அனுப்புகிற, ஷூ பெட்டி அளவுச் சாட்டிலைட். வெளிநாட்டு ராக்கெட் ஒன்றில் ஓரமாக உட்கார்ந்து போக இடமும் பிடித்துவிட்டார்கள்.

படம் எடுக்க வேண்டுமானால் சாட்டிலைட் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அதற்கே தெரிய வேண்டும். அங்கே நின்று வழி சொல்ல என்னைப்போல் ஆள் கிடையாது. அதற்குத்தான் நட்சத்திரக் காமிரா. அது வானத்தைப் படம் எடுக்கும். புள்ளிகளுக்கு நடுவே உள்ள கோணங்களை அளந்து, தன் நினைவில் இருக்கிற நட்சத்திரப் பட்டியலோடு ஒப்பிட்டு, நான் பார்ப்பது இந்த மூலை என்று தானாகவே கண்டுபிடிக்கும். விலைக்கு வாங்கினால் கல்லூரியையே விற்க வேண்டும். கறுப்பில் வெள்ளைப் புள்ளி தேடும் வித்தை ஒருவருக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால், வேலை அக்காவிடம் வந்தது.

பிள்ளைகளுக்கு அவர் விளக்கியதை, லேப் சாமான் இறக்கப் போயிருந்த நானே பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். "பெங்களூர் ரயில்ல தூங்கிட்டீங்க. முழிச்சா ஏதோ ஸ்டேஷன்ல வண்டி நிக்குது. போர்டு தெரியல. இன்னா பண்ணுவீங்க?"

"மூக்கை வெச்சே ஆம்பூர்னு சொல்லிடுவோம் மேடம்!"

"வாணியம்பாடியிலயும் அதே தோல் வாசனைதான். வாசனை, பாலம், மலை மூணும் சேர்ந்து பொருந்தினாத்தான் ஆம்பூர். பொருந்தலன்னா எறங்கக் கூடாது. காமிரா நூறு தடவை தெரியலன்னு சொல்லட்டும், பரவாயில்ல. ஒரே ஒரு தடவை தப்பா சொன்னா சாட்டிலைட் அதை நம்பித் திரும்பிடும்."

அவர் அவ்வளவு உற்சாகமாகப் பேசி நான் பார்த்ததில்லை. எனக்குக் காரணம் புரிந்தது. தெரியல என்று சொல்வது குறையாக இல்லாமல் தகுதியாக இருக்கிற ஒரு வேலையை இந்த உலகத்தில், சரி, உலகத்துக்கு வெளியே, அவர் கண்டுபிடித்துவிட்டார். அது மேலே போக வேண்டும். வேறு எதையும் அவர் ஆசைப்பட்டு நான் கேட்டதில்லை.

ஆனால் சாட்டிலைட்டில் இடம் ஒன்றுதான். அதே இடத்துக்கு இன்னொரு பேராசிரியரும் ஒரு பெட்டி செய்துகொண்டிருந்தார். சூரியன் எந்தப் பக்கம் என்று பார்த்துத் திசை சொல்கிற பெட்டி. எதை அனுப்புவது என்று நவம்பரில் ஒரு குழு வந்து முடிவு செய்யும். குழுவுக்குக் காட்ட, மழைக்காலத்தில் வானத்துக்கு எங்கே போவது? அறைக்குள்ளேயே ஒரு வானம் வேண்டும்.

அட்டையில் ஓட்டை போட்டுப் பார்த்தார் அக்கா. அட்டை பூராவும் மங்கலாக ஒளிர்ந்தது. தகரத்தில் போட்டால் ஓட்டையின் விளிம்பு மினுக்கியது. எங்கள் பக்கத்தில் எதற்கு வழியில்லாவிட்டாலும் கடைசியில் தோலில்தான் வந்து நிற்போம். சுருதிப்பெட்டிக்குத் துருத்தி, ஸ்கூட்டருக்குச் சீட்டு, கதவுக்குக் கீல்கூட தோல்தான். ஷூ கம்பெனியிலிருந்து முதல்தரக் கறுப்புத் தோல்கள் இரண்டை வாங்கி ஒட்டுத் தெரியாமல் இணைத்துச் சட்டத்தில் கட்டினோம். அக்கா கணக்குப் போட்டுப் புள்ளி வைத்த இடத்திலெல்லாம் ஷூ கம்பெனிப் பெண் ஒருத்தி நுணுக்கமாகத் துளை குத்தினாள். பின்னால் விளக்கைப் போட்டதும் அறையில் கார்த்திகையும் மிருகசீரிடமும் தொங்கின. காமிராவைக் காட்டிய உடனே பேர் சொல்லிற்று. எங்கே திருப்பினாலும் சொல்லிற்று. ஆகஸ்ட் பூராவும் சொல்லிற்று. ஒரு நாள் நான் போனபோது அக்கா விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு அந்த வானத்துக்கு அடியில் நாற்காலி போட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"செலக்ட் ஆயிடும்லக்கா?"

கண்ணாடியைத் தொடவே இல்லை. "ஆயிடும்" என்றார்.

குழு வந்த வாரம் அடைமழை. பாலாற்றில் தண்ணீர் என்று ஊரே குடும்பத்தோடு பாலத்துக்கு வேடிக்கை பார்க்கப் போயிருந்தது. கல்லூரிச் சுவர் வேர்த்துக்கொண்டிருந்தது. பெங்களூரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற விஞ்ஞானி ஒருவர் தலைவர், கூட இரண்டு பேர், ஓரத்தில் தாளாளர், தோல் சட்டத்தைத் தூக்கி வைக்க நான். அக்கா விளக்கைப் போட்டார். வானம் எரிந்தது. காமிரா பார்த்தது. திரையில் கேள்விக்குறி.

திருப்பினார். கேள்விக்குறி. இன்னொரு மூலை. கேள்விக்குறி.

நான் அக்காவின் காதருகே போனேன். "அக்கா, கோணம் எவ்வளவு தள்ளியிருந்தா ஏத்துக்கலாம்னு ஒரு நம்பர் வெச்சிருக்கீங்களே, அதைக் கொஞ்சம் தளர்த்துங்க. ஏதாவது ஒரு பேர் சொல்லட்டும்."

"ஏதாவதா?" என்றார்.

அவர் ஸ்கேலை எடுத்துக்கொண்டு நேராகத் தோலிடம் போனார். குழுவுக்கு முன்னாலேயே துளைகளின் இடைவெளியை அளந்தார். ஒரு ஓரத்தில் அளந்தார், நடுவில் அளந்தார். திரும்பியபோது அவர் முகத்தில் சந்தோஷம் இருந்தது. கடவுளே, சந்தோஷமேதான்.

"காமிரா கரெக்டா சொல்லுது சார். இது நம்ம வானம் இல்ல. ஈரத்துல தோல் இழுத்து விரிஞ்சிடுச்சு. ஒரே அளவா இழுத்திருந்தா காமிராவைத் தள்ளி வெச்சுச் சமாளிக்கலாம். முதுகுப் பக்கம் கம்மியா இழுக்கும், வயித்துப் பக்கம் ஜாஸ்தியா இழுக்கும். நட்சத்திரம் எல்லாம் எடம் மாறிடுச்சு. இப்படி ஒரு வானம் எங்கயும் கிடையாது. அதான் தெரியலங்குது."

விஞ்ஞானி நல்ல மனிதர்தான். பொறுமையாகக் கேட்டார். "வானத்தைத் தோல்ல செஞ்சது யாரும்மா?"

"நான்தான் சார்."

"தோல் ஈரத்துல இழுக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?"

தோல் ஊரில் பிறந்தவரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? மழையில் நனைந்த செருப்பு இழுத்துத் தொளதொளவென்றாகிக் காலிலிருந்து கழன்று தெறிப்பது எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். அக்காவுக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போகும்? ஆனால் அதை வானமாகப் பார்க்க ஆரம்பித்த பிறகு அது தோல் என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

"தெரியும் சார்" என்றார். இதற்குப் பதிலாக வழக்கமான பதிலைச் சொல்லியிருந்தால்கூடப் பிழைத்திருப்பார்.

அடுத்தது சூரியப் பெட்டி. மேசை விளக்கைச் சூரியனாக வைத்தார்கள். விளக்கு நகர நகரத் திரையில் எண் ஓடிற்று. கைதட்டினார்கள். நடுவில் கரண்ட் போயிற்று. மழைநாளில் போகத்தானே செய்யும். விளக்கு அணைந்தது. பெட்டியும் திரையும் பேட்டரியில் இருந்ததால் எண் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது.

"சார், சூரியன் அணைஞ்சிடுச்சு. இன்னும் திசை சொல்லுதே" என்றார் அக்கா இருட்டில்.

"அதான் மேடம் இதோட ஸ்பெஷாலிட்டி" என்றார் அந்தப் பேராசிரியர். "எப்பவும் ஏதாவது சொல்லிக்கிட்டே இருக்கும்."

என் ஜாதிப் பெட்டி. அதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

அக்காவைக் கல்லூரியிலேயே லேப் பொறுப்பாளராக வைத்துக்கொண்டார்கள். சம்பளம் கம்மி, வருஷாவருஷம் மார்ச்சில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். காமிரா கல்லூரிச் சொத்து என்று அலமாரிக்குள் போயிற்று. அக்காவின் அம்மாவுக்கு அதற்குள் சர்க்கரை முற்றிக் கால் விரல் ஒன்றை எடுத்திருந்தார்கள். வேறு ஊரில் வேலை தேடுகிற நிலைமை இல்லை.

சில வருஷம் கழித்துச் சாட்டிலைட் நிஜமாகவே மேலே போயிற்று. எண்கள் வந்தன. பிறகு ஒரு படமும் வந்தது. கல்லூரி அரங்கத்தில் விழா. படத்தைத் துணியில் பெரிதாக அச்சிட்டு மேடையில் தொங்கவிட்டிருந்தார்கள். 'விண்ணிலிருந்து நமது பாலாறு'. பிள்ளைகளுக்கெல்லாம் சின்னதாக ஒரு பிரதி. படத்தில் முக்கால்வாசி கறுப்பு. குறுக்கே சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல். லட்டு கொடுத்தார்கள். நான் இரண்டு எடுத்துக்கொண்டு, கடைசி வரிசையில் இருந்த அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"சாட்டிலைட் பூமிக்குப் பின்னாடி இருட்டுல போற நேரத்துலயும் சூரியன் எந்தப் பக்கம்னு நம்பர் குடுத்துக்கிட்டே இருக்கு" என்றார் மெதுவாக. "அதை நம்பித் திரும்பித் திரும்பி, இப்ப பம்பரம் மாதிரி சுத்துது."

"அப்ப இந்தப் படம்?"

"மேகமா இருக்கலாம். கடலா இருக்கலாம். எந்த எடம்னு யாராலயும் சொல்ல முடியாது."

"தாளாளர் கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். பசங்க சந்தோஷமா இருக்காங்க, கெடுக்காதீங்க மேடம்னார். அப்புறம், மார்ச் மாசம் வருதேன்னார்."

விழா முடிந்து எல்லோரும் எழுந்தபோது முதல் வருஷப் பெண் ஒருத்தி கையில் பிரதியோடு ஓடிவந்தாள். பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்துப் பெண்ணாக இருக்க வேண்டும். காதில் கனகாம்பர நிறத்தில் கம்மல். "மேடம், மேடம், இதுல பாலாறு எதுன்னே எனக்குத் தெரியல மேடம். எல்லாரும் தெரியுதுங்கறாங்க. எனக்கு மட்டும்தான் தெரியல."

அவ்வளவு பேர் இருந்த அந்த அரங்கத்தில் ஒரே ஒருத்தி உண்மை சொல்லியிருந்தாள். அவள் சரியான ஆளிடம்தான் வந்து சேர்ந்திருக்கிறாள் என்று நான் லட்டை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். இரண்டடி தள்ளித் தாளாளர் பத்திரிகைக்காரரோடு நின்றிருந்தார். பேச்சை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார்.

அக்கா அவரைப் பார்த்தார். பெண்ணைப் பார்த்தார். பிறகு ஆள்காட்டி விரலைச் சாம்பல் தீற்றலின் மேல் வைத்தார்.

"இதோ. இதுதான் பாலாறு."

"ஆமா மேடம்!" என்று அவள் குனிந்தாள். "அப்ப ஆம்பூர்?"

விரல் சற்றே இடப்பக்கம் நகர்ந்து, ஒன்றுமே இல்லாத கறுப்பில் போய் நின்றது. அந்தப் பெண் பேனாவை எடுத்து, அக்கா விரலை எடுத்ததும், அந்த இடத்தில் அழுத்தமாக ஒரு புள்ளி வைத்துக்கொண்டாள்.